கேன் தண்ணீரில் ஓர் அறிக்கை

நாலைந்து வருஷத்துக்கு முன்பு, ஒரு ஜூலை மாதம் நடந்தது இது. அப்போது நான் ஆம்பூருக்குப் பக்கத்தில், அரசின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. எட்டு வருஷம் தேர்வெழுதித் தேர்வெழுதிக் கிடைத்த வேலை. என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவர். ஆர்டர் இல்லை என்று ஆள் குறைத்தபோது அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஆறாவது படிக்கிற ஒரு பெண் வேறு. நான் இன்னும் தகுதிகாண் பருவத்தில்தான் இருந்தேன். அதை முடித்து ஆணை வாங்கும்வரை அரசு வேலை என்பது கையில் பிடித்த மீன் மாதிரி. எப்போது வேண்டுமானாலும் வழுக்கிவிடும்.

எங்கள் கூடத்துக்கு ஓர் அதிகாரி இருந்தார். ஓய்வு பெற மூன்று வருஷம் மீதி. ரத்தக் கொதிப்பு மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். பயந்த சுபாவம் என்றால் அப்படி ஒரு பயந்த சுபாவம். மேலதிகாரியிடமிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார், எதிரில் யாரும் இல்லாவிட்டாலும். நாங்கள் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம். அதிகம் சிரித்தவள் நான்தான்.

அரசு அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழே இருப்பவர் கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். மேலே இருப்பவருக்கு அதில் உடன்பாடு என்றால் கையெழுத்து. இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத வேண்டும். ஆனால் எழுதினால் மாட்டிக்கொள்ள வேண்டிவரும் என்று தோன்றினால் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதுவார்: ‘பேசவும்.’ கோப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இருப்பவர் நேரில் போக வேண்டும். அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது அந்த அறையோடு சரி. வெளியே வந்து, சொன்னதையெல்லாம் தனக்கே தோன்றியது போல அவர் புதுக் குறிப்பு எழுத வேண்டும். எங்கள் அதிகாரி இந்தச் சொல்லைத் துடைப்பம் வாங்குகிற கோப்பில்கூட எழுதுவார். எதையும் தானாக முடிவு செய்து யாரும் பார்த்ததில்லை.

அந்த ஜூலையில் மூன்று ஊர்களுக்கான புதுக் குடிநீர்த் திட்டம் ஒன்று திறப்புக்குத் தயாராக இருந்தது. புதிதாகப் போட்ட போர்க் கிணறு, மேல்நிலைத் தொட்டி, தெருத்தெருவாகக் குழாய். வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்து திறக்கிறார். பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். போர் போட்ட இடம் அந்தப் பகுதியின் பெரிய புள்ளி ஒருவருடையது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, மூடிப்போன ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுக் குட்டை இருந்தது. ஷாப் மூடி வருஷக் கணக்கு ஆகிவிட்டது. குட்டை மட்டும் அப்படியே கிடந்தது.

போர்த் தண்ணீரை நான்தான் பரிசோதித்தேன். தோல் கழிவிலிருந்து இறங்கும் விஷமான குரோமியம் இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீரில் ஒரு மருந்தைச் சொட்டுவோம். இருந்தால் ஊதா நிறம் வரும். எத்தனையோ தண்ணீரில் லேசாக ரோஜா நிறம் கண்டிருக்கிறேன். இது நாவல்பழம் கரைத்தது போல வந்தது. குடிக்கத் தகுதியற்றது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி ஒன்றும் சொல்லாமல் சுருக்கொப்பமிட்டு மேலே அனுப்பினார்.

திங்கட்கிழமை கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் ‘பேசவும்.’

அதிகாரி மேலதிகாரியைப் பார்க்க ஜீப்பில் வேலூர் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. “இன்னொரு சாம்பிள் எடுத்துப் பாக்கச் சொல்றாங்கம்மா” என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

மறுநாள் காலை நான் கிளம்புவதற்குள் என் கைபேசிக்கே ஓர் அழைப்பு. மேலதிகாரியின் நேர்முக உதவியாளர். ரொம்ப மரியாதையான குரல்.

“மேடம், உங்களுக்கு ப்ரொபேஷன் இன்னும் டிக்ளேர் ஆகலைல்ல?”

“ஆகல சார்.”

“அதான் கேட்டேன். சாம்பிள நல்ல எடமா பாத்து எடுங்க மேடம். அதே போர்லதான் எடுக்கணும்னு இன்னா இருக்குது? நம்பர் மட்டும் அதே நம்பரா இருக்கட்டும்.”

அவ்வளவுதான். திட்டவில்லை, மிரட்டவில்லை. ஆனால் பஸ்ஸில் வேலூர் தாண்டியும் போயிராத என்னை ராமநாதபுரத்துக்கு மாற்றிவிட்டால் பெண்ணை யார் பார்ப்பது, வேலையே போய்விட்டால் என்ன செய்வது என்று மனம் என்னென்னவோ கணக்குப் போட்டது.

ஆனாலும் முதலில் அதே போருக்குத்தான் போனேன். பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை கழுவிவிட்டு நான்காவது முறை பிடிக்க வேண்டும் என்பது விதி. நான் குனிந்து கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். ஷூ கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்தாள். இடுப்பில், கம்பெனிக் காப்பகத்தில் விடுவதற்காக எட்டு மாதக் குழந்தை.

“மேடம், வெள்ளிக்கெழம தொறக்கறாங்களே, இது நல்ல தண்ணியா?”

“ரிப்போர்ட் வரட்டும்மா.”

“கேன் தண்ணி வாங்கி மாளல மேடம். இது வந்துட்டா கைப்புள்ளைக்குச் சுட வெச்சிக் குடுத்துடலாம்ல?”

சுட வைத்தால் கிருமி சாகும். குரோமியம் எங்கே போகும்? தண்ணீர் வற்ற வற்ற அது கெட்டியாகத்தான் ஆகும். இதைப் படித்துத்தானே நான் வேலைக்கு வந்தேன்? ஆனால் தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா என்று எனக்கே தெரியாத மாதிரி ஓர் அசைவு. பாட்டிலை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

கூடத்துக்கு வந்து மருந்தைச் சொட்டினேன். அதே ஊதா.

இனி நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. வேறு நல்ல கிணறாகப் பார்த்து எடுக்கலாம் என்று யோசித்தேன். பதிவேட்டைப் புரட்டினால் சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாக் கிணறும் ஏதாவது ஒரு குறையோடுதான் இருந்தது. திருடுவதற்குக்கூட நல்ல தண்ணீர் இல்லாத ஊர் எங்கள் ஊர். என் மேஜைக்குப் பின்னால், நாங்கள் குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீர் இருந்தது. தண்ணீரைச் சோதிக்கிற கூடத்திலேயே நாங்கள் கேன்தான் குடிப்போம். உதவியாளர் சாப்பிடப் போன நேரத்தில், ஊதாத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். கேன் தண்ணீரையும், கை கழுவுகிற குழாய்த் தண்ணீரையும் மோர் கலக்குவது போலக் கலந்து, அந்தப் பாட்டிலில் ஊற்றினேன். கேன் தண்ணீர் மட்டும் என்றால் சந்தேகம் வரும் என்று அவ்வளவு சாமர்த்தியம். பிறகு அதை முறைப்படி சோதித்தேன். எல்லா எண்ணும் வரம்புக்குள் வந்தது. பதிவேட்டில் ஏற்றினேன். அறிக்கை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

அன்று வீட்டில் பெண்ணுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டவள், அதைக் கொட்டிவிட்டு மறுபடி மொண்டு கொடுத்தேன். வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். தலைவலி என்றேன்.

புதன்கிழமை காலை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அறிக்கை அவர் முன்னால் விரித்தபடி இருந்தது.

“இன்னாம்மா, ஹார்ட்னஸ் இவ்ளோ கம்மியா இருக்குது?”

“ரீடிங் அப்படித்தான் சார் வந்துது.”

“எங்க அக்காவ அந்த ஊர்லதாம்மா கட்டிக் குடுத்திருக்குது. அந்தத் தண்ணில சோப்பு போட்டா தேய்ச்சிகினே இருக்கணும், நுரையே வராது. நீ எழுதியிருக்கற தண்ணில குளிச்சா வழுக்கி வுழுந்துடுவாங்க.”

அவர் சிரிக்கவில்லை. கதவு வழியாக என் மேஜைப் பக்கம் பார்த்தார். அவர் கண் கேனில் போய் நின்றது.

“நெஜமா இன்னா வந்திச்சி?”

“ஊதா சார்” என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன். போன் வந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மாத்திரையை எடுத்து விழுங்கினார். “எனக்கும் அதயேதாம்மா சொன்னாங்க. எனக்கு பயமாத்தான் இருக்குது” என்றார். அப்புறம் பத்து நிமிஷம் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிஷமும் நான் கடவுளை வேண்டினேன். எதற்குத் தெரியுமா? இவர் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று. பயந்தவர்தானே, போட்டுவிடுவார், எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

அவர் எழுந்து, “பாட்டில எடும்மா, போலாம்” என்றார்.

இரண்டு பேரும் ஜீப்பில் அந்தப் போருக்குப் போனோம். அவரே குனிந்து, மூன்று முறை கழுவி, தண்ணீர் பிடித்தார். கூடத்துக்கு வந்து என் பக்கத்திலேயே நின்றார். மருந்து விழுந்ததும் மூன்றாவது முறையாக ஊதா. அதைக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பதிவேட்டில் நான் ஏற்றியிருந்த பொய்யை என்ன செய்வது என்று கேட்டேன். அரசுப் பதிவேட்டில் எதையும் கிறுக்கி மறைக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஒப்பமிட வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். அவர் அதை வாங்கி, தானே கோடு போட்டு, தானே ஒப்பமிட்டார். என் பொய் அறிக்கையை என் கையில் கொடுத்து, “கிழிச்சிப் போட்டுடு” என்றார்.

பிறகு கோப்பை எடுத்து எழுத ஆரம்பித்தார். துடைப்பத்துக்கு ‘பேசவும்’ எழுதுகிற மனிதர், அறைக்குள் பேசியதை அப்படியே எழுதினார். இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இன்னார் அறையில், வேறு இடத்துத் தண்ணீரை எடுத்து இதே எண்ணில் அறிக்கை தருமாறு தன்னிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அவ்வாறு செய்ய இயலாது. இந்தத் தண்ணீர் குடிக்கத் தகுதியற்றது. முழுப் பொறுப்பும் தன்னுடையது. நான்கைந்து வரிதான். அதை எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. கை அவ்வளவு நடுங்கியது. கையெழுத்தைப் பார்த்தால் அவருடையது போலவே இல்லை. மோட்டாரைப் போட வேண்டிய பொறியாளருக்கு ஒரு நகல், சுகாதார அதிகாரிக்கு ஒரு நகல். கோப்பை யாரும் அமுக்கிவிட முடியாதபடி அன்றே அனுப்பினார். எனக்கு வந்த போனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் கூடத்துக்கு வந்தார்கள், போர் இடத்துப் பெரிய புள்ளியின் ஆட்கள். அதிகாரி வங்கிக்குப் போயிருந்தார். அனுமதி கேட்காமல் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அதில் ஒருவன் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான்.

“நீங்கதான் டெஸ்ட் எடுத்த மேடமா? பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்குது?”

கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூடக் காத்திராமல் எழுந்து போய்விட்டார்கள். நான் செருப்பைப் போட்டேனா என்றுகூடத் தெரியாது. ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கு ஓடினேன். வகுப்பில் பாதிப் பாடத்தில் இருந்த பெண்ணை, ஊரில் ஒரு சாவு என்று பொய் சொல்லி அழைத்துவந்தேன். “யாரும்மா செத்தாங்க?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் கையை நான் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. பந்தலின் கடைசி வரிசையில் நின்றோம். மேளம், மாலை, பேச்சு. அமைச்சர் குழாயைத் திறந்தார். தண்ணீர் பளிச்சென்று கொட்டியது. போர்த் தண்ணீர்தான் என்று நினைத்தேன். அதிகாரி என் பக்கம் சாய்ந்து, “லாரித் தண்ணிம்மா. காலைல ரெண்டு லாரி வந்து டேங்க்ல ஊத்திச்சி. போர் மோட்டார இன்ஜினியர் போட மாட்டேன்னுட்டாரு, நகல் அவரு கையில இருக்குதுல்ல” என்றார்.

கூட்டம் கலையும்போது, போரடியில் கேட்ட அந்தப் பெண் குழந்தையோடு வந்து என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். “மேடம், ரிப்போர்ட் வந்துச்சா?” என்றாள். சுற்றும் முற்றும் பார்த்தேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் மேடைப் பக்கம் நின்றிருந்தார்கள். குழந்தையைக் கொஞ்சுவது போலக் குனிந்து, “இப்ப வர்றது லாரித் தண்ணி. போர்த் தண்ணி வந்தா புள்ளைக்குக் குடுக்காதம்மா. சுட வெச்சாலும் போகாது” என்று சொல்லிவிட்டு விடுவிடுவென நடந்தேன். இந்த விவகாரம் முழுக்க நான் தைரியமாகச் செய்தது என்று சொன்னால் அது ஒன்றுதான்.

லாரித் தண்ணீர் தீர்ந்ததும் குழாய் காய்ந்தது. ஊர் ஜனங்கள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். அந்தப் போரைக் கடைசிவரை இணைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து வேறு இடத்திலிருந்து குழாய் வந்தது. அந்தத் தண்ணீரையும் நான்தான் சோதித்தேன். நன்றாகவே இருந்தது.

அதிகாரியை மூன்று வாரத்தில் தென்கோடி மாவட்டம் ஒன்றுக்குத் தூக்கி அடித்தார்கள். போவதற்கு முந்தின நாள் என் தகுதிகாண் பருவத்துக்கான பரிந்துரையில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே ‘பதினேழு பி’ போனது. பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை அது. அரசு ஊழியனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே தூக்கம் போய்விடும். இரண்டு குற்றச்சாட்டு. மேலதிகாரி சொல்லாததைச் சொன்னதாகக் கோப்பில் எழுதியது ஒன்று. பதிவேட்டில் நல்ல முடிவை அடித்துத் திருத்தியது இன்னொன்று.

விசாரணை வேலூரில் நடந்தது. என்னைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். அந்த நேர்முக உதவியாளர் வாசலிலேயே நின்று, “வாங்க மேடம், உங்க ஆர்டர் எங்க டேபிள்லதான் இருக்குது” என்று சிரித்தார். உள்ளே அதிகாரி ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் பயணம் செய்து வந்த சட்டை கசங்கியிருந்தது. அடித்த வரியைப் பற்றி அவரிடம் கேட்டார்கள். “வேற பாட்டில் மாறிப்போச்சு, நான்தான் அடிச்சேன். அந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்.

அடுத்து என்னிடம் கேட்டார்கள். தண்ணீர் மாதிரியை மாற்றும்படி யாராவது, எப்போதாவது உங்களிடம் சொன்னதுண்டா?

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவர் எழுதியது பொய் இல்லை என்று ஆகியிருக்கும். என் பெண்ணின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. “அப்படி எதுவும் நினைவில்லை” என்றேன். அதை எழுதிக்கொண்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நிமிர்ந்து பார்க்காமலே போட்டேன்.

வெளியே வராந்தாவில் என்னைக் கடந்து போகும்போது அவர் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். “பேஜாராவாதம்மா. பொண்ணு நல்லா படிக்குதா?” என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார். அவருடைய ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அப்படியே ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஆணை அந்த மாதமே வந்தது.

தைரியசாலிக்குப் பயமே இருக்காது என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்து என்னைவிட அதிகமாகப் பயந்தவர் அவர்தான். அந்தப் பயத்தோடேயே உட்கார்ந்து, நடுங்குகிற கையாலேயே எழுதினார். நான் அவரைப் பார்த்துச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவருக்கு ஒரு மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறதாம். நடந்ததைச் சொல்லி நான் ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பினால் அது அவருக்கு உதவும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்துவிட்டேன். மூன்றாவது முறையாகத்தான் இப்படி, ஊர் பேர் தெரியாத உங்களிடம் முழுவதையும் சொல்லிப் பார்க்கிறேன். இதிலும் கீழே என் பெயரைப் போடும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.